கதவை அளந்து பாருங்கள்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டின் பின்புறம், கம்பெனி மதில் முடிகிற இடத்தில் தொடங்குகிறது அந்தக் காலனி. ஒருநாள் காலை அங்கே ஒரு நர்சிங் கல்லூரியின் வேன் வந்து நின்றது. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் இறங்கினார்கள். எல்லார் கையிலும் கேள்வித்தாள். ரத்தசோகை பற்றி முப்பது கேள்விகள். வேப்பமரத்தடியில் பெண்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ரத்தசோகை என்றால் என்ன? இரும்புச்சத்து எந்தக் கீரையில் அதிகம்? சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துச் சாப்பிடலாமா? சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறினால் பூஜ்ஜியம்.

முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பதற்காக நாங்களும் அன்று அங்கே இருந்தோம். எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவரும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தாறு. ஒரு கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலை. மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காத உதிரப்போக்கு. அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில் ஹீமோகுளோபின் 7.2 என்று எழுதியிருந்ததை அவரே எங்களிடம் காட்டியிருக்கிறார். முப்பதுக்குப் பதினொன்று வாங்கினார். அவர் பெயருக்கு நேராக "போதிய அறிவு இல்லை" என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அவர் எழுந்திருக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஏம் பாப்பா, இதுக்கெல்லாம் கரெக்டா சொல்லிட்டா ரத்தம் ஏறிடுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி கேட்ட மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

ஒரு வாரம் கழித்து அதே வேன் மறுபடியும் வந்தது. சார்ட், படம் போட்ட அட்டைகள், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்து வகுப்பு எடுத்தார்கள். அதன்பின் அதே முப்பது கேள்விகள். அக்கா இருபத்துநான்கு வாங்கினார். ஆய்வு வெற்றி. "திட்டமிட்ட கற்பித்தல் பலனளித்தது" என்று முடிவுரை எழுதியிருப்பார்கள். அக்காவின் ஹீமோகுளோபின் மட்டும் 7.2-இலேயே நின்றது.

ஒரே அச்சில் வார்த்த ஆய்வுகள்

இந்த ஒரு கல்லூரி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளைகள் மேலும் இல்லை. நாங்கள் பேசுவது அச்சைப் பற்றி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நர்சிங் முதுகலை ஆய்வேடுகளின் தலைப்புகளை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். "தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமத்தில், இன்ன நோய் குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தலின் பலனை மதிப்பிடும் ஆய்வு." நோயை மாற்றுங்கள், கிராமத்தை மாற்றுங்கள், அடுத்த ஆய்வேடு தயார். முன்தேர்வு, ஒரு வகுப்பு, பின்தேர்வு. அறிவை மூன்று கட்டமாகப் பிரித்திருப்பார்கள்: போதிய அறிவு, ஓரளவு அறிவு, போதாத அறிவு. பாடம் நடத்திய அடுத்த வாரமே அதே கேள்வியைக் கேட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். இதில் கண்டுபிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைக் கவனித்தீர்களா? வயது, படிப்பு, தொழில், மாத வருமானம். மதம்: இந்துவா, கிறித்தவரா, முஸ்லிமா. குடும்பம்: கூட்டா, தனியா. உணவு: சைவமா, அசைவமா. நாங்கள் பார்த்த கேள்வித்தாள்களில் சாதிக்குப் பெரும்பாலும் கட்டமே கிடையாது. நாங்கள் கறி தின்கிறோமா என்று கேட்பார்கள். ஊருக்குள் இருக்கிறோமா, ஊருக்கு வெளியே இருக்கிறோமா என்று கேட்க மாட்டார்கள். சமூகவியல் படித்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் இது: எதை எண்ணாமல் விடுகிறோமோ அது இல்லாததாகிவிடும். சாதியை எண்ணாத ஆய்வில் தீண்டாமை எப்படி அகப்படும்?

ஆக, மருத்துவம் கிடைக்காததற்கு யார் காரணம் என்ற கேள்விக்கு இந்த அச்சுக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கிறது. நோயாளியின் அறியாமைதான் காரணம். கல்வி கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரி, கம்பெனி, ஒப்பந்தக்காரர், அரசு, ஊர் எல்லாருக்கும் விடுதலை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது ரத்தம் குறைந்த ஒரு பெண் மட்டும்.

அறியாத சனமா நாங்கள்?

அரசாங்கமே எடுத்த கணக்கைப் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019–21. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நூற்றுக்கு நூறு என்றே சொல்லிவிடலாம். அதில் சேரிப் பெண் உண்டு, இருளர் பெண் உண்டு, கூலிக்காரப் பெண் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரியாத சனமா இது? கதவு திறந்திருந்தால் எங்கள் பெண்கள் போகிறார்கள். யாரும் முன்தேர்வு வைத்து அனுப்பவில்லை.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், 2015–16-இல், அது 55 சதவீதம். நான்கைந்து ஆண்டுகளில் இறங்கியது ஒன்றரைச் சதவீதம். இடையில் எத்தனை சார்ட், எத்தனை அட்டை, எத்தனை பின்தேர்வு! கீரையின் பெயர் தெரியாததா பிரச்சினை? கீரை வாங்கவும், ஆய்ந்து சமைக்கவும், உட்கார்ந்து தின்னவும் கூலியும் நேரமும் இல்லாததா பிரச்சினை? உதிரம் நிற்காமல் போகிற பெண்ணுக்குச் சிகிச்சை கிடைக்காததா பிரச்சினை? இதை யார் ஆராய்வது?

அதனால்தான் சொல்கிறோம். எங்கள் அறிவை அளந்தது போதும். கதவை அளந்து பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை நாங்கள் தினமும் முட்டிக்கொள்கிற கதவுகள் குறைந்தது நான்கு.

முதல் கதவு: நேரம்

அந்த அக்காவை அரசு மருத்துவமனைக்கு நாங்கள் கூட்டிப் போனோம். முதல் நாள் டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேனுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க மூன்றாவது நாள். புறநோயாளி சீட்டு காலையில்தான். அக்காவுக்குக் காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் விடியுமுன் வந்துவிடும். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். இரண்டாவது நாள் லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர், "உடம்பு சரியில்லன்னா வீட்லயே இருந்துக்கோம்மா, வேற ஆள் ரெடியா இருக்கு" என்றாராம். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. ஆனால் அக்காவுக்கு அது இலவசமும் இல்லை. மூன்று நாள் கூலி, போனஸ், பஸ் செலவு, வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர் கொடுத்த விலை. அந்த விலைக்குக் கேள்வித்தாளில் ஒரு கட்டமாவது இருந்ததா?

இரண்டாவது கதவு: காகிதம்

தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து மாத ஊதியம் 21,000 ரூபாய்வரை வாங்குகிறவர்களுக்கு உண்டு. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும்.

78 நாள் என்பது நிரந்தரத் தொழிலாளிக்குச் சாதாரணம். ஒப்பந்தக்காரர் மாறினால் வேலையில் இடைவெளி விழுகிறவருக்கு, பெயரில் ஒரு எழுத்து மாறி ஆதாரோடு பொருந்தாதவருக்கு, பழைய எண் இருக்கும்போதே புது எண் போட்டுக் கொடுக்கப்பட்டவருக்கு அது எட்டாத மலை. அக்காவின் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது. கார்டு இல்லை. எண் கேட்டால் "ஆபீசில் இருக்கு" என்பார்கள். எந்த ஆபீஸ் என்று யாருக்கும் தெரியாது. எண் கையில் கிடைத்தாலும் பெரிய சிகிச்சைக்கு கே.கே.நகர் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்றுக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் அவசியம்தான். ஆனால் கையில் எண் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கட்டடமும் இன்னொரு மதில்தான்.

மூன்றாவது கதவு: கணக்கு

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் விதி. அந்த ஐயாயிரம் பேர் யார்? இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011-இல். 2021-இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. இந்த ஆண்டுகளில் இந்த வட்டாரம் எப்படி மாறிவிட்டது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வயல் இருந்த இடத்தில் லைன் வீடுகள். ஒரே அறையில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்களிலும் எத்தனையோ பேர் தலித்துகள், ஆதிவாசிகள். ஹாஸ்டல்களில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள். இவர்கள் எந்தக் கிராமத்தின் கணக்கில் வருகிறார்கள்? கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இல்லாத கர்ப்பிணி, காசநோயாளி எத்தனை பேர்?

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதவு அந்தச் செவிலியரின் முகத்திலும்தான் மோதுகிறது. தன் பொறுப்பில் உண்மையில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அவர் சுற்றுகிறார். ஊசி போடுகிற நேரத்தைவிடச் செயலியில் பதிவேற்றுகிற நேரம் அதிகம் என்று அவர்களே எங்களிடம் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் தொகுப்பூதிய நர்சுகள் நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். அவர்களுக்கும் ஒப்பந்தம், நமக்கும் ஒப்பந்தம். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர்.

நான்காவது கதவு: தொடுதல்

இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

ஒரு நர்சின் வேலையே தொடுவதுதான். நாடி பிடிக்க, ஊசி போட, புண்ணைத் துடைக்க, பிள்ளையை வாங்கக் கை வேண்டும். தீண்டாமை என்பது அந்தக் கையை நீட்டவிடாத ஏற்பாடு. இந்தத் தொழிலும் இந்த ஏற்பாடும் ஒரே நாட்டில், ஒரே வார்டில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பைப் பற்றி உலகத்திலேயே அதிகமான நர்சிங் ஆய்வுகள் இந்தியாவில் அல்லவா குவிந்திருக்க வேண்டும்? எங்கே அவை?

மற்ற துறையினர் கொஞ்சம் செய்திருக்கிறார்கள். கான்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐந்து பேர் 2006-இல் வெளியிட்ட நூலுக்காக 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை ஆய்வு நடந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராமத்தில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளை வைத்துச் சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010-இல் வந்தது. மருந்தைக் கையில் படாமல் கொடுப்பது, பரிசோதிக்கும்போது தொடாமல் தவிர்ப்பது, மற்றவர்களுக்குக் கொடுக்கிற நேரத்தை இவர்களுக்குக் கொடுக்காதது என்று ஒவ்வொரு இடத்திலும் பாகுபாடு எப்படி நடக்கிறது என்பதை அது பிரித்துக் காட்டியது. 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கை ஒன்று, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று சொன்னது. 14.6 ஆண்டு! ஒரு பெண் பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்கிற காலம் அது.

தமிழ்நாட்டில் இது இப்படி வெளிப்படையாக இல்லை என்பார்கள். சரி, இங்கே நடப்பதைச் சொல்கிறோம். "எந்த ஊரும்மா?" ஊர்ப் பெயரைச் சொல்கிறோம். "ஊர்லயா, காலனியிலயா?" அவ்வளவுதான். அதற்குப்பின் "வாங்க" என்பது "வா" ஆகிறது. "உங்களுக்கெல்லாம் எத்தனை தடவ சொன்னாலும் புரியாது" என்று வருகிறது. அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் பதிவேட்டிலிருந்து போகட்டும். சீட்டு எழுதுகிற இடத்தில் அந்தக் கேள்வி எப்போது போகும்? பிரசவ வார்டில் திட்டு வாங்கிவிட்டு, அடுத்த முறை கடைசி நேரம்வரை வீட்டிலேயே வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்த பெண்ணை எங்களுக்குத் தெரியும். கேள்வித்தாளில் அவரும் "போதிய அறிவு இல்லாதவர்"தான்.

2021 டிசம்பர் சொன்ன பாடம்

நம் வட்டாரத்திலேயே நடந்ததை மறந்துவிட வேண்டாம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூடப் படுத்தவளுக்கு என்ன ஆனது, உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத நிலை. அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடியும் திறந்தது. தொழிலாளர்களின் தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கொண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது.

அந்தப் பெண்களுக்கு உணவுச் சுகாதாரம் பற்றி முன்தேர்வு வைத்திருந்தால் என்ன வந்திருக்கும்? நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். பிளஸ் டூவும் டிப்ளமோவும் படித்த பெண்கள். கெட்ட சாப்பாடு கெட்டது என்று அவர்களுக்குத் தெரியும். வேறு சாப்பாடு கிடையாது, அவ்வளவுதான். அவர்களுக்கு இல்லாமல் போனது சொன்னால் கேட்கிற ஒரு காது. அதை அவர்கள் ரோட்டில் உட்கார்ந்து வாங்கினார்கள்.

இங்கேதான் நர்சிங் ஆய்வுக்கு வேலை இருந்தது. அன்று நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில், மருத்துவ, செவிலியப் பணியாளர்களின் பொறுப்பில் முதலுதவி அறை ஒன்று இருக்க வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் நர்சிங் முடித்த எத்தனையோ பிள்ளைகள் அந்த அறைகளில்தான் வேலை செய்கிறார்கள். எந்த ஹாஸ்டல் பெண்களுக்கு எந்த வாரம் வயிற்றுப்போக்கு, எந்த லைனில் மயக்கம், எந்த ஷிஃப்டில் விரல் நசுங்கல் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை வைத்து ஒரு ஆய்வேடு வந்திருந்தால், மறியலுக்கு முன்பே யாராவது விழித்திருக்கலாம். ஆனால் அந்த நோட்டு கம்பெனியின் சொத்து. காலனிப் பெண்ணின் அறிவு மட்டும்தான் யார் வேண்டுமானாலும் வந்து அளந்துவிட்டுப் போகலாம் என்று திறந்து கிடக்கிறது.

கேள்வியைத் திருப்பியவர்கள்

கேள்வியைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு மூன்று பேரைக் காட்டுகிறோம்.

முதலாவது, வருடா வருடம் மே 12-இல் மெழுகுவர்த்தி ஏற்றி நீங்கள் உறுதிமொழி எடுக்கிறீர்களே, அதே புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, அவர்களுக்குக் கை கழுவுவது பற்றி அறிவு இருக்கிறதா என்று அவர் தேர்வு வைக்கவில்லை. பிணங்களை எண்ணினார். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயில் செத்தவர்கள்தான் அதிகம் என்று 1858-இல் வரைபடம் போட்டு, பிரிட்டிஷ் ராணுவத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அளந்தது சாக்கடையையும் காற்றோட்டத்தையும். கையில் விளக்கு வைத்திருந்த படத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறார்கள். கணக்குப் போட்ட நைட்டிங்கேலை மறைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, நம் மண்ணிலேயே நடந்தது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். இந்த மக்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதற்கு அவர்களின் அறியாமையைக் காரணம் காட்டி அவர் முடித்துவிடவில்லை. நிலம் இல்லாததையும் அடிமைத்தனத்தையும் எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது தனிக் கதை. ஆனால் கேள்வி சரியாக இருந்ததால் விடையாக நிலம் வந்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் ஆராய வருகிறவர்கள், எங்களுக்குக் கீரையின் பெயர் தெரியுமா என்று கேட்கிறார்கள்.

மூன்றாவது, நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டென். 1988-இல் நடந்த ஒரு கூட்டத்தில் மாவோரி நர்சிங் மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கேள்வியை ராம்ஸ்டென் ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். நோயாளியின் பழக்கவழக்கத்தை நர்ஸ் படிப்பது போதாது, நர்ஸ் தன்னிடம் இருக்கிற அதிகாரத்தைப் பார்க்க வேண்டும், சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது நோயாளிதான் என்றார். 1992-இல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் பாடம் நின்றது. தொடங்கி வைத்தது ஒரு மாணவியின் ஒரே கேள்வி.

எதிர்க்கேள்விகளுக்கு

"ஆய்வில் சாதியைக் கேட்டால் மனம் புண்படாதா?" சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்கும்போது புண்படாத மனமா ஆய்வில் புண்படப்போகிறது? எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லி, பெயர் எழுதாமல் கேளுங்கள். நாங்கள் ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை. எங்களை நடத்துகிற விதத்தில்தான் ஒளிக்க வேண்டியது இருக்கிறது.

"படிக்கிற பிள்ளைகளால் ஆஸ்பத்திரியையும் கம்பெனியையும் எதிர்த்து ஆய்வு செய்ய முடியுமா? அனுமதி கிடைக்குமா?" நியாயமான கேள்வி. எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் காலனிக்குள் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே, அது எப்படி? எங்கே அனுமதி தேவைப்படுகிறது, எங்கே தேவைப்படவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அனுமதி மறுத்தால் அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். அதுவும் ஒரு தரவுதான்.

"சுகாதாரக் கல்வியே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. மாத்திரையை டீயோடு சாப்பிடக் கூடாது என்பதை அக்கா அந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டார். நல்லது. கற்பி என்று சொன்ன அண்ணலின் பிள்ளைகள் கல்வியை வேண்டாம் என்போமா? வகுப்பு எடுங்கள். அதை மட்டும் ஆய்வு என்று சொல்லாதீர்கள். எங்கள் ரத்தத்தில் உங்கள் பட்டத்தை எழுதிக்கொண்டு வேன் ஏறிவிடாதீர்கள்.

இனி கேட்க வேண்டியவை

நர்சிங் படிக்கிற தங்கைகளே, தம்பிகளே, உங்களில் எத்தனையோ பேர் எங்கள் தெருக்களிலிருந்துதான் போயிருக்கிறீர்கள். அரசாணை 92 போராடிப் பெற்றுத் தந்த கட்டணச் சலுகையில் படிக்கிறீர்கள். அடுத்த தலைப்பு எடுக்கும்போது இவற்றில் ஒன்றை எடுங்கள்.

ஒரு ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நோய்க்கு முழுச் சிகிச்சை பெற எத்தனை நாள் கூலியை இழக்கிறார்? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தும் எண் கையில் இல்லாதவர்கள் ஒரு தெருவில் எத்தனை பேர்? ஒரு துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் உள்ளவர்கள் எத்தனை, அந்த எல்லைக்குள் உண்மையில் குடியிருப்பவர்கள் எத்தனை? ஒரே புறநோயாளிப் பிரிவில் ஊர்த்தெருக்காரருக்கும் காலனிக்காரருக்கும் கொடுக்கப்படும் நிமிடங்கள் எத்தனை, தொட்டுப் பார்த்தது எத்தனை பேரை? தலித் நர்சுகளுக்கு வார்டில், விடுதியில், பணி ஒதுக்கீட்டில் என்ன நடக்கிறது?

எதை எடுத்தாலும் இரண்டு விதிகள். ஒன்று, முடிவை முதலில் அந்த மரத்தடியில் வந்து வாசித்துக் காட்டுங்கள், அதற்குப்பின் கல்லூரியில் கொடுங்கள். இரண்டு, ஆய்வில் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 7 என்று தெரிந்தால், அவரைச் சிகிச்சையில் சேர்க்காமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

சிரிக்காத அந்த மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டாவது முறை வேன் வந்தபோது அவர் எங்களிடம் வந்து பேசினார். வேலூர்ப் பக்கம் ஒரு காலனி. குடும்பத்தில் முதல் பட்டதாரி. "தலைப்பு நான் எடுக்கலண்ணா, குடுத்தாங்க" என்றார். மதிப்பெண் போடுகிற தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பேனாவில், ஒவ்வொரு பெண்ணும் கேள்விக்கு வெளியே சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். லீவு கிடைக்காதது. ஸ்கேனுக்கு மறுபடி வரச் சொன்னது. கார்டு இல்லாதது. நர்ஸம்மா திட்டியது. தன் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது என்றும் ஒரு வரி. "இதுக்கு மார்க் கிடையாதுண்ணா, ஆனா தூக்கிப் போட மனசு வரல."

தங்கையே, தூக்கிப் போடாதே. உன் ஆய்வு அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் அதற்குத் தரவு திரட்டித் தருகிறோம்.

அக்காவுக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டது. பழைய வேலை போய்விட்டது. இப்போது வேறு ஒப்பந்தக்காரரிடம், வேறு கம்பெனியில், அதே துடைப்பம். இ.எஸ்.ஐ. எண் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுத்திருக்கிறோம். 78 நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்.

ஜெய்பீம்.